கிளியா

அக்கி ஆறிப் பதினோரு மாதம்.
இடது விலாவில் தோல் கொஞ்சம் வெளிறியிருக்கும்,
பார்க்கிறவர்களுக்கு அவ்வளவுதான்.

காவலறை மின்விசிறி என் பக்கம் திரும்ப ஏழு நொடி.
எண்ணி வைத்திருக்கிறேன்.
ஆறாவதில் மூச்சைப் பிடிப்பேன்.
"காத்தா வலிக்குது அக்கா?" என்கிறான் தேவநேசன்.
காற்றுதான் தம்பி. சட்டையும்தான்.

ஜோகூரிலிருந்து நாத்தனார் போனில்:
அப்போதே அக்கி எழுதியிருக்கலாம்,
காவியில் சிங்கம் வரைந்தால் இறங்கியிருக்கும்.
இந்த ஊரில் சிங்கத்துக்கா பஞ்சம் என்றேன்.

ஈசூன் மருத்துவமனையில் டாக்டர் கூ
பழைய படிவம் ஒன்றைத் திருப்பிப் போட்டு
முதுகுத்தண்டின் குறுக்குவெட்டை வரைந்தார்.
வெட்டிய பாக்கு மாதிரி இருந்தது.
நரம்புக்கு ஒரு கோடு.
அப்புறம் கோட்டைச் சுற்றிப் புள்ளி வைத்தார்,
வைத்துக்கொண்டே போனார்,
கோடு காணாமல் போகும்வரை.

இவைதான் கிளியா என்றாள் தாதி ஷாஹிதா, தமிழில்.
கிளியா? என்றேன்.
கிரேக்கச் சொல்லாம். பசை என்று பொருளாம்.
நரம்பை ஒட்டிவைக்கிற வெறும் பசையென்று
நெடுநாள் நினைத்திருந்தார்களாம்.

எனக்குக் கிளியே போதும்.
நரம்பு ஒருமுறை சொன்னது: எரிகிறது.
கிளி கேட்டுக்கொண்டது.
நரம்பு வாய் மூடிய பிறகும்
எரிகிறது எரிகிறது என்கிறது கிளி.
அதைக் கேட்ட நரம்பு
அப்படியானால் எரியத்தான் செய்கிறதோ என்று
மறுபடி ஆரம்பிக்கிறது.

அவற்றில் சிறிய சாதி ஒன்று, காவலுக்கென்றே.
ஒன்றும் நடக்காத நாளில்
மெல்லிய கைகளை நீட்டி நீட்டி
ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுப் பார்த்துப் போகுமாம்,
நான் மாடிக்கு மாடி அட்டையை வைத்து எடுப்பதுபோல.
ஏதாவது நடந்துவிட்டால்
கைகளை இழுத்துக்கொள்ளும். உடம்பு பருக்கும்.
சைட்டோகைன் என்று ஒன்றைக் கக்கும்,
கூப்பிடு, கூப்பிடு, எல்லாரையும் கூப்பிடு.

எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை.

போன வருஷம் பதினான்காம் மாடியில்
வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டது.
பத்தே நிமிஷம். அந்த வீட்டுப் பையனே
ஈரத்துண்டைப் போட்டு அணைத்துவிட்டான்.
அது தெரியாமல் நானும் பெக் லானும்
கதவு கதவாகத் தட்டினோம்.
தூங்கிய குழந்தைகளை இறக்கினோம்.
ஒன்பதாம் மாடிக்காரர் படியில் தடுக்கி
இடுப்பெலும்பு முறிந்தது.
தீ யாரையும் தொடவில்லை.
நாங்கள்தான்.

போதும் என்று யாரும் சொல்லவில்லையே.

மாத்திரை, நரம்பின் வாயைக் கொஞ்சம் பொத்தும்.
கூடவே எனக்கும் கண் சொருகும்.
தூங்குகிற காவலருக்கு எங்கள் நிறுவனத்தில்
மறுநாள் கிடையாது. அதனால் பாதி மாத்திரை,
பாதி வலி.
அந்தக் காவல்காரச் செல்களை அடக்க
மருந்தே இல்லையா டாக்டர்?
எலிகளில் வேலை செய்கிறது என்றார்.
மனிதர்களில் இன்னும் சரியாக அமையவில்லையாம்.
எலிக்கு வந்த அதிர்ஷ்டம்.

காலை ஏழுக்கு ராமையா பாய்லி வருவார்,
கையில் கொப்பி, பொட்டலமாய்க் கட்டிய பிளாஸ்டிக் பையில்.
"ஏதும் உண்டா?"
"ஒன்றுமில்லை."
சாவிக்கொத்து கைமாறும்.
பதிவேட்டில் இரண்டு கையெழுத்து.
பன்னிரண்டு மணி நேரமும்
அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நிற்கிறேன்.

உள்ளே நிற்பவர்களுக்கு
மாற்றாள் வரவில்லை.
பதினோரு மாதமாகப் பூட்ஸைக் கழற்றவில்லை.
இன்று பேருந்து நிறுத்தத்தில், யாரும் இல்லாதபோது,
விலாவைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன்,
ஒன்றுமில்லை, சாவியைக் கொடுங்கள், நேரமாயிற்று.

பேருந்தில் சன்னலோர இருக்கைதான் கிடைத்தது.
தலைக்குமேல் குளிர்காற்றுத் துளை.
எட்டி
உள்ளங்கையால் அடைத்துக்கொண்டேன்,
காத்திப் வரைக்கும்.